வலி போனது, சீழ் போகவில்லை

தமிழ்நாட்டில் எந்த ஊர் மருந்துக்கடை முன்னும் சற்று நேரம் நின்றால் காதில் விழும் வேண்டுகோள் ஒன்று உண்டு: ‘பல்லு வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க.’ மருந்துச்சீட்டு இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எந்தப் பல், எத்தனை நாளாக வலி, காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா என்ற விசாரணையும் இல்லை. வலிக்கு ஒன்று, ‘செப்டிக் ஆகாமல் இருக்க’ ஓர் ஆன்டிபயாடிக், வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொன்று என்று செட் மாத்திரை கைமாறுகிறது. இரண்டு மூன்று நாளில் வலி அடங்குகிறது. நோய் தீர்ந்தது என்று வாங்கியவர் நினைக்கிறார். கொடுத்த மருந்து கேட்டது என்று விற்றவரும் நினைக்கிறார். இருவர் கணக்கும் தப்பு. சீழ் பிடித்த பல்லைக் குணப்படுத்துவது மாத்திரை அல்ல. பல்லைத் திறந்து சுத்தம் செய்வது, சீழை வடிய விடுவது, முடியாவிட்டால் பல்லையே எடுத்துவிடுவது என்ற கைவேலைதான். அந்தக் கைவேலை ஏழை எளியவர்களுக்கும் வலி வந்த அன்றே எட்டும்படி செய்யாமல், ‘மருந்துக்கடையில் மாத்திரை வாங்காதீர்கள்’ என்று அறிவுரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

முதலில் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பல்லின் மேலுறை எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ். சொத்தை எனாமலோடு நிற்கும்வரை வலி தெரியாது. டென்டினைத் தொட்டதும் குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் கூசும். வாயிலிருந்ததை விழுங்கியதும் கூச்சமும் போய்விடும். இந்தக் கட்டத்தில் பல் மருத்துவரிடம் போனால் ஒரே முறையில் அடைத்துவிடலாம். கிருமிகள் பற்கூழை எட்டியபின் நிலைமை மாறுகிறது. உடலில் வேறு எங்கு அழற்சி வந்தாலும் அந்த இடத்துக்கு வீங்க வழி உண்டு. பற்கூழைச் சுற்றி எல்லாப் பக்கமும் கெட்டிச் சுவர். வீங்க வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் சூடான காபியைக் குடித்து முடித்த பிறகும் வலி நீடிக்கிறது. எதுவும் படாமலேயே விண்விண்ணென்று தெறிக்கிறது. இரவில் படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடி இன்னும் கடுமையாகிறது. காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் வலி பரவுவதால் எந்தப் பல் என்றே பலரால் காட்ட முடிவதில்லை. தூக்கத்தைக் கலைக்கும் பல்வலி எல்லாமே இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாகாது.

நம்மை ஏமாற்றுவது அடுத்த கட்டம்தான். உள்ளே ஏறிய அழுத்தத்தால் இரத்த ஓட்டம் நின்று, பற்கூழ் சில நாள்களிலோ வாரங்களிலோ செத்துப்போகிறது. செத்த நரம்பு வலிக்காது. மாத்திரை போட்ட நாள்களும் நரம்பு செத்த நாள்களும் ஒன்றாக அமைந்துவிட்டால் பெருமை மாத்திரைக்குப் போகிறது. ‘எனக்கு மாத்திரையிலேயே சரியாயிடுச்சு’ என்று பலர் உறுதியாகச் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். செத்த கூழோ கிருமிகளுக்கு நல்ல தீனி. அவை வேரின் நுனி வழியாக வெளியேறி, தாடை எலும்புக்குள் சீழைத் திரட்டுகின்றன. இப்போது குளிர்ச்சி பட்டால் கூசாது. ஆனால் கடித்தால் வலிக்கும், அந்தப் பல் மட்டும் சற்று உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும். பல்லின் நிறம் சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறலாம். ஈறில் சிறு கொப்புளம் எழுந்து, உடைந்து, வாயில் கசப்பும் நாற்றமும் பரவி, மறுபடி எழும். கொப்புளம் உடைந்தால் அழுத்தம் குறைந்து நிம்மதி வரும். அந்த நிம்மதியையும் குணமென்று நம்பிவிடுகிறோம். தாடைக்கடியில் நெறி கட்டுவதும், கன்னம் வீங்குவதும், காய்ச்சல் வருவதும் தொற்று பல்லை விட்டு வெளியே கிளம்பிவிட்டது என்பதன் அறிகுறிகள். ஆகவே பல் நோயை வலியை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. நேற்றுவரை துடித்த பல் இன்று திடீரென்று அமைதியானால், மருத்துவரைப் பார்க்க அதுவும் ஒரு காரணம்.

ஆன்டிபயாடிக் ஏன் இதைத் தீர்ப்பதில்லை? மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் பயணிக்கிறது. இரத்த ஓட்டம் நின்றுபோன பற்கூழுக்குள்ளும், திரண்டு நிற்கும் சீழுக்குள்ளும் அது போதிய அளவு நுழைய முடியாது. சுற்றியுள்ள திசுக்களில் பரவிய கிருமிகளை அடக்கும். மூலம் அப்படியே இருக்கும். மருந்து நின்றதும் மீண்டும் கிளம்பும். பற்கூழ் அழற்சியில் பென்சிலின் வலியைக் குறைக்கிறதா என்று 40 பேரிடம் நடத்திய சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆனால் உடலியல் சொல்வதையே அதுவும் சொல்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது: பல் சிகிச்சை உடனே கிடைக்குமானால், எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ள பெரியவர்களுக்குப் பற்கூழ் அழற்சிக்கும், அந்த இடத்தோடு நிற்கும் சீழ்க்கட்டிக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. வலிக்கு முதல் தெரிவு இபுபுரூஃபன், பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மருந்துகள்தான். அவற்றிலும் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இபுபுரூஃபனைத் தாமாக எடுக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தாலும் அப்படியே. கிராம்புத் தைலத்தைப் பழிக்க வேண்டியதில்லை. அதிலுள்ள யூஜினால் சற்று மரத்துப்போகச் செய்வது உண்மை, பல் மருத்துவர்களின் தற்காலிக அடைப்பிலும் அது சேர்கிறது. அது நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. ஈறின்மேல் ஆஸ்பிரின் மாத்திரையை ஒடுக்கி வைப்பதோ திசுவைப் பொசுக்கிப் புதுப் புண்ணை உண்டாக்கும்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்பது என் வாதமல்ல. காய்ச்சல், பரவும் வீக்கம், கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சையால் குன்றிய எதிர்ப்பு சக்தி ஆகியவை இருந்தால் அது கட்டாயம் வேண்டும். ஆனால் கைவேலையோடு சேர்ந்து, மருத்துவர் எழுதிய அளவில். சில அறிகுறிகள் இருந்தால் பல் மருத்துவரின் நேரத்துக்குக் கூடக் காத்திருக்கக் கூடாது. நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், நாக்கு மேலே தள்ளப்படுதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல், தாடைக்கடியிலும் கழுத்திலும் இறங்கும் வீக்கம், கண்ணை மூடும் அளவுக்கு வீங்கிய கன்னம், உடல்நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகியவை அந்த அறிகுறிகள். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் தாடையின் ஆழத்தில் இருப்பதால், அங்கிருந்து கிளம்பும் தொற்று நாக்குக்கு அடியில் இரு பக்கமும் பரவி மூச்சுக்குழலையே அடைக்கக்கூடும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே இன்றும் இந்நோய் வழங்குகிறது. ஆன்டிபயாடிக்குகளுக்கு முந்திய காலத்தில் இதில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று அந்த விகிதம் வெகுவாகக் குறைந்திருப்பதற்கு மருந்து மட்டுமல்ல, மூச்சு வழியைக் காப்பதும் சீழை உடனே வெளியேற்றுவதும் காரணம்.

எளிய சிகிச்சை எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007-இல் நடந்த மரணம் சான்று. ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன்; சொத்தைப் பல்லின் தொற்று மூளைக்கு ஏறியது. மூளை அறுவை சிகிச்சைகள் செய்தும் பிழைக்கவில்லை. அந்தப் பல்லை எடுக்க ஆகியிருக்கும் செலவு ஏறக்குறைய 80 டாலர். மருத்துவமனை செலவு இரண்டரை லட்சம் டாலர் என்று அப்போது கணக்கிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கான அரசுக் காப்பீடு இடையில் நின்றுபோயிருந்தது; அது இருந்தபோதும் அதை ஏற்கும் பல் மருத்துவர் கிடைப்பது அரிதாக இருந்தது. பணக்கார நாட்டின் நடுவே நடந்த இந்த மரணம் மேரிலாந்தை உலுக்கியது. ஏழைக் குழந்தைகளுக்கான பல் சிகிச்சைத் திட்டத்தை அந்த மாநிலம் சீர்படுத்தியது. ஒரு பல்லை எடுக்கும் வசதியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காத சமூகம், அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு செலவழித்தும் ஒரு உயிரை இழந்தது.

பல்லை எடுக்கப் பயப்படுகிறவர்கள் சில காரணங்கள் சொல்வார்கள். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பது அவற்றில் பழையது. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் நேராது. கெட்ட மேல்பல்லை அப்படியே விட்டு, தொற்று கண்ணைச் சுற்றிப் பரவினால்தான் பார்வைக்கு ஆபத்து. வீக்கம் வடிந்த பிறகே பல்லைத் தொட வேண்டும் என்பது அடுத்தது. அழற்சி உள்ள இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. ஆனால் நரம்பு கிளம்பும் இடத்தில் ஊசி போட்டு மரக்கச் செய்யலாம்; கட்டியைக் கீறி வடிய விடலாம்; பல்லைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கலாம். ‘ஐந்து நாள் மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பப்படுபவர்களில் கணிசமானோர், வலி நின்றதும் திரும்பி வருவதே இல்லை. குழந்தைகள் விஷயத்தில், விழப்போகிற பால்பல்தானே என்ற அலட்சியம் வேறு. பால்பல்லின் வேருக்கடியில்தான் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே தங்கும் சீழ் அதன் எனாமலைக் குறைபடுத்தி, பின்னால் கறையும் குழியுமாக முளைக்கச் செய்யலாம்.

மாத்திரைப் பழக்கத்தின் விலையை வாங்குகிறவர் மட்டும் கொடுப்பதில்லை. தேவையில்லாமல், அரைகுறை அளவில் விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருக இடம் தருகிறது. 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இத்தகைய கிருமித் தொற்றால் நேரடியாக இறந்ததாக 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நாளைக்குப் பிரசவ வார்டிலோ புற்றுநோய்ப் பிரிவிலோ ஒருவருக்கு மருந்து கேட்காமல் போவதில், இன்று பல்வலிக்கென்று விற்கும் மாத்திரைக்கும் பங்கு உண்டு. சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக்குகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. முக்கியமான பலவற்றுக்கு 2014 முதல் எச்1 பட்டியலின்கீழ் தனிப் பதிவேடும் வைக்க வேண்டும். கேரளம் 2024 தொடக்கத்தில் திடீர்ச் சோதனைகளோடு இந்த விற்பனையைக் கட்டுப்படுத்த இறங்கியது. தமிழ்நாடும் அதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் சோதனை மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதலின் நிபந்தனையைக் கவனியுங்கள்: ‘பல் சிகிச்சை உடனே கிடைக்குமானால்.’ கிடைக்காத இடத்தில், சீழ்க்கட்டி உள்ளவருக்கு இடைக்கால ஏற்பாடாக ஆன்டிபயாடிக் தரலாம் என்று அதே வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது. நம் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கட்டட வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும் ஒருவர், பகல் நேரத்தில் மட்டும் இயங்கும் அரசுப் பல் பிரிவுக்குப் போனால் அன்றைய கூலி போகும். தனியார் மருத்துவரிடம் போனால் வேர் சிகிச்சைக்கும் பல்லுறைக்கும் சேர்த்துப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சில பத்து ரூபாயில், இரவு ஒன்பது மணிக்கும், தெருமுனையிலேயே கிடைப்பது மாத்திரை மட்டும்தான். அவர் அறியாமையால் மாத்திரை வாங்குவதாகச் சொல்வது அநியாயம். தன்முன் இருப்பதில் கட்டுப்படியாவதை வாங்குகிறார். படித்தவர்கள் நிறைந்த இங்கிலாந்திலும் 2020-இல் கொரோனா ஊரடங்கில் பல் மருத்துவமனைகள் மூடியபோது, பல் மருத்துவர்கள் எழுதிய ஆன்டிபயாடிக் அளவு கணிசமாகக் கூடியது. கைவேலைக்கான கதவு அடைபட்டால் எந்த நாட்டிலும் மாத்திரைதான் அந்த இடத்துக்கு வருகிறது. ஆகவே மருந்துக்கடையை மூடுகிற கை, பல் மருத்துவமனையைத் திறக்கவும் வேண்டும்.

திறப்பதற்கு வானத்தை வளைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அரசு, தனியார் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளம் பல் மருத்துவர்கள் நகரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு பிழைப்புத் தேடுகிறார்கள். மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் நாற்காலியும் இருக்கிறது. இல்லாதது, வலியோடு வருபவரை அன்றே கவனித்து அனுப்பும் ஏற்பாடு. வட்டாரத்துக்கு ஒரு பல் பிரிவாவது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இயங்கட்டும். பல்லைத் திறந்து வடிய விடுதல், கட்டியைக் கீறுதல், பல்லெடுத்தல் ஆகிய மூன்றும் அங்கே அதே நாளில் நடக்கட்டும். காப்பீட்டில் உள்ள கோணலும் நிமிர வேண்டும். விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்றப் பல் சிகிச்சையை மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். சீழ் பல்லில் இருக்கும்வரை கைக்காசு, கழுத்துக்கு இறங்கினால் காப்பீடு என்பது எந்த விதத்தில் சிக்கனம்? வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை பல் தொற்றை முற்றச் செய்கிறது. தொற்று சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. அப்படியிருக்க, ஈறில் கொப்புளம் உண்டா, கடித்தால் வலிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை அந்தப் பணியாளர்கள் சேர்த்துக் கேட்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

எல்லாருக்கும் இலவச வேர் சிகிச்சை தர அரசுக்கு ஏது பணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல்லைக் காப்பாற்றும் வேர் சிகிச்சை சிறந்தது. ஆனால் அதற்கு வசதி இல்லாதபோது பல்லை எடுப்பது தோல்வியல்ல, அதுவும் முழுமையான சிகிச்சைதான். பல் போகும், தொற்றும் போகும். பல்லையும் காப்பாற்றாமல், தொற்றையும் போக்காமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரையில் தள்ளுவதுதான் உண்மையான தோல்வி. வேர் சிகிச்சையைத் தொடங்கி முதல் முறையில் வலி நின்றதும் பாதியில் விட்டுவிடுபவர்களுக்கும் இதே கதிதான். தற்காலிக அடைப்பு தேய்ந்து, கிருமி மறுபடி உள்ளே போகிறது. ஆகவே முழுச் செலவையும் நாள்களையும் முதலிலேயே நோயாளியிடம் சொல்லி, முடிக்க முடியுமா அல்லது எடுத்துவிடலாமா என்று அவரையே தீர்மானிக்க விடுவது மருத்துவர்களின் கடமை. அரசு முதலில் ஏற்க வேண்டிய பொறுப்பு, வலியோடும் வீக்கத்தோடும் வருபவரின் அவசரத் தேவை. பல்லுறையும் அழகுச் சிகிச்சையும் பிறகு வரட்டும். அந்த முதல் பொறுப்புக்கு ஆகும் செலவு, கழுத்து வீங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது சுருக்கமானது. தூக்கத்தைக் கலைத்த பல்வலி, கடித்தால் வலி, ஈறில் கொப்புளம், கன்ன வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரிரு நாளில் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். வலி நின்றிருந்தாலும் போங்கள். வலி மாத்திரை அதுவரை தாக்குப்பிடிக்கத்தான். மருந்துக்கடைக்காரர் ஆன்டிபயாடிக் நீட்டினால் அதை மறுத்துவிட்டு, பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே போய் ‘இன்றைக்கு முடியாது, மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள்’ என்ற பதில் வந்தால், ஏன் முடியாது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊரிலும் பதில் சொல்ல வேண்டியவர் அங்குள்ள மருத்துவர் மட்டுமல்ல. அவருக்கு நேரமும் கருவியும் ஆளும் ஒதுக்க வேண்டிய சுகாதாரத் துறையும்தான்.